45, 30, 60 பாகை முக்கோணங்கள்: மறுபாதியை வரைந்தால் பக்கம் தானாக வரும்

கேள்வி இது: "என் மகள் பத்தாம் வகுப்பு. 45-45-90, 30-60-90 முக்கோணங்களில் ஒரு பக்கத்தைக் கொடுத்து மற்ற இரண்டையும் கேட்டால் தடுமாறுகிறாள். 1 : 1 : √2, 1 : √3 : 2 என்ற விகிதங்கள் மனப்பாடமாகத் தெரிகின்றன. ஆனால் எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்று ஒவ்வொரு முறையும் குழப்பம். புரிந்து செய்ய வழி உண்டா?"

உண்டு. முதலில் அந்த விகிதங்களை ஒரு வாரம் மறந்துவிடச் சொல்லுங்கள். பல வருடங்களாக மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். உங்கள் மகளுக்கு இருக்கும் அதே குழப்பத்தோடுதான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். அவர்களில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் நிறைய. 1 : √3 : 2 என்பது ஒரு போன் நம்பர் மாதிரி வரிசையாக மனதில் பதிந்துவிடுகிறது. படத்தில் அந்த வரிசை கிடையாது. முக்கோணத்தைக் கொஞ்சம் சாய்த்தோ தலைகீழாகவோ போட்டுக் கொடுத்தால், எந்த எண் எந்தப் பக்கத்துக்கு என்று தெரியாமல் கை நின்றுவிடும்.

நான் சொல்லித் தருவது ஒரே ஒரு விஷயம். இந்த இரண்டு முக்கோணங்களும் பாதி உருவங்கள். 45-45-90 என்பது சதுரத்தில் பாதி. 30-60-90 என்பது சமபக்க முக்கோணத்தில் பாதி. கணக்கில் எது வந்தாலும், காணாமல் போன மறுபாதியைப் பென்சிலால் லேசாக வரைந்து சேர்த்துவிட வேண்டும். அப்புறம் எது எதற்குச் சமம், எது எதில் பாதி என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மகளின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பாருங்கள். கவராயத்துக்கும் கோணமானிக்கும் அடியில் பிளாஸ்டிக் மூலைமட்டங்கள் இரண்டு கிடக்கும். இணைகோடு வரைய எப்போதோ எடுத்திருப்பார்கள், அதோடு சரி. ஆனால் இந்தப் பாடம் முழுக்க அந்த இரண்டு துண்டுகளில்தான் இருக்கிறது. ஒன்றின் மூலைகள் 45, 45, 90. மற்றதன் மூலைகள் 30, 60, 90.

என் வகுப்பில் இதை முதல் நாளே செய்யச் சொல்வேன். ஒரே மாதிரி பாக்ஸ் வைத்திருக்கும் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இரண்டு 45 மூலைமட்டத்தையும் சேர்த்து ஒரு சதுரம் பண்ணுங்கள்" என்றால் ஒரு நொடியில் நீளமான பக்கங்களை ஒட்டிவைத்துவிடுவார்கள். "இப்போது இரண்டு 30-60 மூலைமட்டத்தைச் சேர்த்து ஒரு முக்கோணம் பண்ணுங்கள்" என்றால்தான் நேரம் எடுக்கும். முதலில் செவ்வகம் வரும். அப்புறம் சாய்ந்த இணைகரம் வரும். யாராவது ஒருவர் ஒரு துண்டைப் புரட்டிப் போட்டு, நடுத்தர நீளமுள்ள பக்கங்களை முதுகோடு முதுகாக ஒட்டுவார். மேலே 30-ம் 30-ம் சேர்ந்து 60. கீழே இரண்டு மூலையிலும் ஏற்கெனவே 60. சமபக்க முக்கோணம். போன வருடம் ஒரு பெண் அந்த அடிப்பக்கத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு நிமிர்ந்து, "சின்னப் பக்கம் ரெண்டு சேர்ந்தா பெரிய பக்கம் வருது மிஸ், அப்போ சின்னது பாதிதானே?" என்று கேட்டாள். 30-60-90 பாடத்தில் பாதி அந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் விகிதத்தை நான் கரும்பலகையில் எழுதியபோது யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை.

வீட்டில் அளந்தால் ஒன்று கவனியுங்கள். பிளாஸ்டிக் மூலைகள் மழுங்கியிருக்கும், ஸ்கேல் கோடும் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் கவலைப்பட வேண்டாம்.

சரி, முதலில் சதுரத்தின் பாதி. பக்கம் 1 உள்ள சதுரத்தின் மூலைவிட்டம் ஏன் √2? பிதாகரஸ் தேற்றத்தில் போட்டால் 1 + 1 = 2, ஆகவே √2 என்று முடித்துவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் வீட்டுத் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சதுர டைல்ஸ் பதித்த தரையில், நான்கு டைல்ஸ் ஒன்றுகூடும் ஒரு புள்ளியைச் சுற்றி அந்த நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டைல்ஸிலும் நடுப்புள்ளியைத் தொடாத மூலைவிட்டத்தை சாக்பீஸால் போட்டால் உள்ளே சாய்ந்த சதுரம் ஒன்று கிடைக்கும். அதற்குள் எத்தனை அரை டைல்ஸ்? நான்கு. ஒரு முழு டைல்ஸில் எத்தனை அரை? இரண்டு. ஆகவே சாய்ந்த சதுரத்தின் பரப்பு ஒரு டைல்ஸைப் போல இரு மடங்கு. அதன் பக்கம்தான் டைல்ஸின் மூலைவிட்டம். பரப்பு 2 என்றால் பக்கம் √2. தேற்றத்தை வாயால் சொல்லாமலே வந்துவிட்டது.

இன்னொன்றையும் செய்து பார்க்கலாம், எனக்கு மிகப் பிடித்தது. ஒரு ஏ4 தாளை எடுத்து, மேல் விளிம்பு பக்கவாட்டு விளிம்பின் மேல் சரியாகப் படியும்படி மூலையைச் சாய்த்து மடக்குங்கள். கப்பல் செய்யச் சதுரத் தாள் வெட்டுவோமே, அதே மடிப்பு. அந்தச் சாய்ந்த மடிப்புக் கோடு, 210 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம். இப்போது இன்னொரு ஏ4 தாளின் நீளமான விளிம்பை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். நூல் பிடித்தது போல ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். 210-ஐ 1.4142 ஆல் பெருக்கினால் 296.98. ஏ4 தாளின் நீளம் 297. இது தற்செயல் இல்லை. பாதியாக வெட்டினாலும் அதே விகிதம் மாறாமல் இருக்க வேண்டும் என்றால் நீளம் அகலத்தைப் போல √2 மடங்காகத்தான் இருக்க முடியும். 1922-இல் ஜெர்மனி அந்த அளவைத் தரமாக்கியது, பின்னர் உலகத்தில் பெரும்பாலான நாடுகள் எடுத்துக்கொண்டன. உங்கள் மகள் தேர்வுக்குப் பயிற்சி செய்யும் ஒவ்வொரு ஏ4 தாளிலும் 45 பாகை முக்கோணம் ஒளிந்திருக்கிறது.

இந்த மூலைவிட்டக் கணக்கு மிகப் பழையது. யேல் பல்கலைக்கழகத்தில் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது, வயது மூன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல். உள்ளங்கையில் அடங்கும் வட்டமான பலகை. அதில் ஒரு சதுரம், இரண்டு மூலைவிட்டங்கள். பக்கத்தில் 30 என்று எழுதியிருக்கிறது. மூலைவிட்டத்தின் மேல் அறுபதின் அடிமானத்தில் (பத்து பத்தாக எண்ணாமல் அறுபது அறுபதாக எண்ணும் முறையில்) எழுதிய எண்ணை நம் கணக்குக்கு மாற்றினால் 42.4264 வருகிறது. இன்றைய கால்குலேட்டரில் 30√2 போட்டாலும் நான்கு தசம இடத்துக்கு அதே விடைதான். யாரோ ஒரு மாணவர் செய்த பயிற்சிக் கணக்காக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அதாவது உங்கள் மகள் இன்று செய்யும் அதே கணக்கு.

இனி பக்கம் கண்டுபிடிப்பது. சதுரத்தின் பக்கம் தெரிந்து மூலைவிட்டம் வேண்டுமா, √2 ஆல் பெருக்கு. பக்கம் 7 என்றால் கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கம், 7√2, ஏறத்தாழ 9.9. இதில் யாரும் தவறுவதில்லை. தவறுவது எதிர்த்திசையில். கர்ணம் 12 கொடுத்துப் பக்கம் கேட்டால், பாதியாக்கி 6 என்று எழுதுவார்கள், அல்லது 12√2 என்று எழுதிவிடுவார்கள். இரண்டாவது தவறைப் பிடிப்பது எளிது. கர்ணம்தான் மிக நீளமான பக்கம், மற்ற பக்கம் அதைவிடப் பெரிதாக வரவே கூடாது. முதல் தவறுக்கும் ஒரு கேள்வி போதும்: பக்கங்கள் 6, 6 என்றால் இரண்டும் சேர்ந்தே 12 தான். அப்படியென்றால் சுற்றிப் போவதும் குறுக்கே போவதும் ஒரே தூரமா? முக்கோணமே படுத்துவிடும்.

சரியான விடை 12/√2, அதாவது 6√2. இந்த 6√2 எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பகுதியிலும் தொகுதியிலும் √2 ஆல் பெருக்குவது ஒரு வழி. படத்தில் பார்ப்பது இன்னொரு வழி. சதுரத்தை முழுதாக வரைந்து இரண்டு மூலைவிட்டங்களையும் போட்டால் நடுவில் வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அரை மூலைவிட்டமும் 6. இப்போது உள்ளே நான்கு குட்டி 45 பாகை முக்கோணங்கள். அவற்றில் ஒன்றின் சிறிய பக்கங்கள் 6, 6. அதன் கர்ணம் 6√2. அந்தக் கர்ணம்தான் பெரிய சதுரத்தின் பக்கம். மர அறுவை மில்லில் இதே கணக்கு வரும்: 12 அங்குலக் குறுக்களவுள்ள உருண்டை மரத்திலிருந்து எடுக்கக்கூடிய மிகப் பெரிய சதுர உத்தரம் 6√2, அதாவது எட்டரை அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவு.

நிழலும் இதே முக்கோணம்தான். சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது நம் நிழலின் நீளமும் நம் உயரமும் ஒன்றாக இருக்கும். அந்த நேரத்தில் பள்ளி மைதானத்துத் தென்னையின் நிழலை அளந்தால் அதுவே தென்னையின் உயரம். எகிப்தின் பிரமிடுகளைப் பழைய கிரேக்க அறிஞர் தேலீஸ் இப்படித்தான் அளந்ததாக, கிரேக்கத் தத்துவ ஞானிகளின் வாழ்க்கையை எழுதிய டயோஜனீஸ் லயேர்ட்டியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது இரண்டாவது முக்கோணம். இதற்கு நான் வாசலுக்குப் போய்விடுவேன். கோலம் போடுகிறவர்களுக்கு நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்ற இரண்டும் தெரியும். நேர்ப்புள்ளியில் ஒரு வரிசைப் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி. பக்கத்துப் பக்கத்து நான்கு புள்ளிகளைச் சேர்த்தால் சதுரம், குறுக்கே ஒரு கோடு இழுத்தால் நாம் மேலே பார்த்த 45 பாகை முக்கோணம். ஊடுபுள்ளியில் மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கீழ்ப் புள்ளி வரும். பக்கத்து மூன்று புள்ளிகளைச் சேர்த்தால் முக்கோணம். அந்த முக்கோணம் சமபக்கமாக இருந்தால்தான் ஆறு இதழ் பூவும் நட்சத்திரமும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல விரியும்.

இதில்தான் ஒரு நுட்பம் இருக்கிறது. புதிதாகப் போடும் பிள்ளை, புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு விட்டாளோ அதே அளவு வரிசைக்கு வரிசையும் விடுவாள். பூ மேலும் கீழும் இழுத்தது போல நீண்டு நிற்கும். பழகிய கை வரிசைகளைச் சற்று நெருக்கி வைக்கும். எவ்வளவு நெருக்கம்? புள்ளிக்குப் புள்ளி 2 அங்குலம் என்றால், மூன்று புள்ளி முக்கோணத்தின் பக்கங்கள் எல்லாம் 2. மேல் புள்ளியிலிருந்து அடிப்பக்கத்துக்கு நேராக ஒரு கோடு இறக்குங்கள். அடிப்பக்கம் 1, 1 என்று இரண்டாகப் பிரியும். ஒரு பாதியைப் பார்த்தால் கர்ணம் 2, சிறிய பக்கம் 1, உயரத்தின் வர்க்கம் 4 − 1 = 3. உயரம் √3, அதாவது 1.73 அங்குலம். வரிசைக்கு வரிசை விட வேண்டிய இடைவெளி அதுதான். பாட்டி கண்ணளவாகவே அதைப் பிடித்துவிடுவார், கணக்கு அந்த அளவுக்கு ஒரு எண் கொடுக்கிறது.

30, 60, 90 மூலைகளில் எந்தப் பக்கம் எங்கே என்பதும் அந்தப் பாதியிலேயே தெரிகிறது. உச்சியில் இருந்த 60 இரண்டாகப் பிரிந்து 30 ஆனது. அதற்கு எதிரே இருப்பது பாதியான அடிப்பக்கம், ஆகவே 30-க்கு எதிரே 1. அடி மூலையில் 60 அப்படியே இருக்கிறது, அதற்கு எதிரே உயரம் √3. செங்கோணத்துக்கு எதிரே யாரும் தொடாத முழுப் பக்கம் 2. சிறிய கோணத்துக்கு எதிரே சிறிய பக்கம், பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம். இந்த ஒழுங்கு எந்த முக்கோணத்திலும் மாறாது.

கணக்கு போடும்போது நான் ஒரு வார்த்தைதான் சொல்வேன்: முதலில் சின்னப் பக்கத்துக்குப் போ. எந்தப் பக்கம் கொடுத்திருந்தாலும் 30-க்கு எதிர்ப்பக்கத்தை முதலில் கண்டுபிடி, அங்கிருந்து மற்றதற்குப் போ. சின்னப் பக்கம் 5 என்று கொடுத்தால் கர்ணம் இரட்டிப்பு 10, மற்றது 5√3. கர்ணம் கொடுத்தால் பாதியாக்கு. 12 அடி ஏணி தரையோடு 60 பாகையில் சாய்ந்திருந்தால் அதன் கால் சுவரிலிருந்து 6 அடி தள்ளி இருக்கும், தலை 6√3, ஏறத்தாழ 10.4 அடி உயரத்தில் தொடும். இந்த இரண்டு வகையும் லேசு.

மூன்றாவது வகையில்தான் மதிப்பெண் போகிறது: 60-க்கு எதிர்ப்பக்கத்தைக் கொடுத்து மற்றதைக் கேட்பது. ஒரு பையன், நல்ல சுறுசுறுப்பான பையன், 60-க்கு எதிர்ப்பக்கம் 12 என்ற கணக்கில் சின்னப் பக்கம் 6 என்று எழுதிக்கொண்டு வந்தான். "எதில் பாதி எடுத்தாய்?" என்றேன். "குடுத்ததுல பாதி மிஸ்." மறுபாதியை வரையச் சொன்னேன். வரைந்தான். 12 என்பது அந்தச் சமபக்க முக்கோணத்தின் நடுவே நிற்கும் உயரம். "உயரத்தில் பாதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கத்திலும் இல்லை. "சரி, சின்னது 6 என்றால் கர்ணம் எவ்வளவு?" "12." "நிற்கிற பக்கம்?" "12... ரெண்டும் ஒண்ணா வருது, வராதே." அழித்துவிட்டு அவனே திருத்தினான். சின்னப் பக்கத்தை √3 ஆல் பெருக்கியதால் 12 வந்தது, ஆகவே 12-ஐ √3 ஆல் வகுத்தால் சின்னப் பக்கம். 12/√3, பகுதியை விகிதமுறு எண்ணாக்கினால் 12√3/3, அதாவது 4√3. கர்ணம் 8√3. தசமத்தில் 6.93, 12, 13.86. கொடுத்த 12 நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்த்தால் போதும், விடை சரியா என்ற சந்தேகம் போய்விடும்.

30-60-90-ல் பாதியாக்குவது கர்ணத்துக்கு மட்டும்தான். மறுபாதியை வரைந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளவே வேண்டியதில்லை, ஏனென்றால் பாதியாக வெட்டப்பட்ட பக்கம் எது என்று படம் காட்டுகிறது.

கோலத்துக்குத் திரும்ப வருகிறேன், அதில் இன்னொன்று பாக்கி இருக்கிறது. "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்று குறிப்பு போட்டிருக்கும். நடுவில் 15 புள்ளி, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8-ல் நிறுத்த வேண்டும். வருவது ஆறு மூலை உருவம். புள்ளிக்குப் புள்ளி 2 அங்குலம் விட்டால் நடு வரிசையில் 14 இடைவெளி, ஆகவே அகலம் 28 அங்குலம். மொத்தம் 15 வரிசை, நடுவில் 14 வரிசை இடைவெளி, ஒவ்வொன்றும் 1.732. உயரம் 24 அங்குலமும் கொஞ்சமும். வாசலில் எவ்வளவு இடம் வேண்டும் என்பது இதிலேயே கிடைத்துவிடுகிறது.

இதே ஆறு மூலையைப் போல்ட் தலையில் பாருங்கள். 17 நம்பர் ஸ்பானர் என்றால் போல்ட் தலையின் எதிரெதிர்த் தட்டையான பக்கங்களுக்கு இடையே 17 மில்லிமீட்டர். மூலைக்கு மூலை எவ்வளவு? மையத்திலிருந்து தட்டைப் பக்கத்துக்கு 8.5, அதுதான் 60-க்கு எதிர்ப்பக்கம். மையத்திலிருந்து மூலைக்குப் போகும் கோடு கர்ணம். சின்னப் பக்கத்துக்குப் போவோம்: 8.5/√3 = 4.907. இரட்டிப்பு 9.815. மூலைக்கு மூலை 19.63 மில்லிமீட்டர். அதனால் உருண்டைக் கம்பியிலிருந்து 17 தட்டை உள்ள ஆறு மூலைத் தலையைக் கூர் மூலையோடு எடுக்க வேண்டுமென்றால் கம்பி குறைந்தது 19.63 குறுக்களவு இருக்க வேண்டும், 20 மில்லிமீட்டர் கம்பியை எடுப்பார்கள். லேத் பட்டறையில் ஆறு மூலைக்கு 1.155, சதுரத்துக்கு 1.414 என்று பெருக்குவார்கள். அந்த 1.155 வேறெதுவும் இல்லை, 2/√3. கோலத்தில் 28-ஐ 24.25 ஆல் வகுத்தாலும் அதுதான் வரும்.

பத்தாம் வகுப்பில் இது அதிகம் தேவைப்படும் இடம் உயரங்களும் தொலைவுகளும். ஒரு கோபுரத்தின் உச்சி 30 பாகை ஏற்றக்கோணத்தில் தெரிகிறது. கோபுரத்தை நோக்கி 40 மீட்டர் நடந்தால் 60 பாகை. உயரம் என்ன? வழக்கமாக இரண்டு டேன் சமன்பாடு எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைப் பிரதியிட்டுத் தீர்ப்பார்கள். வரும், ஆனால் நடுவில் ஒரு குறி தவறினால் போயிற்று. படத்தைப் பாருங்கள். நின்ற இடம், நடந்து வந்த இடம், உச்சி, இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரு மெல்லிய முக்கோணம். வெளிக்கோணம் 60, தூரத்து மூலையில் 30, ஆகவே உச்சி மூலையில் 60 − 30 = 30. இரண்டு கோணம் சமம் என்றால் எதிர்ப்பக்கங்களும் சமம். நடந்த 40 மீட்டர்தான் இரண்டாவது இடத்திலிருந்து உச்சி வரையுள்ள சாய்வுக் கோடும். இப்போது உள் முக்கோணம் 30-60-90, கர்ணம் 40. சின்னப் பக்கம் 20. உயரம் 20√3, அதாவது 34.64 மீட்டர். ஒரு சமன்பாடும் இல்லை. தேர்வில் எழுதும்போது மட்டும் "வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதலுக்குச் சமம்" என்ற காரணத்தையும், அந்த இரண்டு பக்கங்கள் ஏன் சமம் என்பதையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையும்.

சைன் 30 ஏன் 1/2, டேன் 60 ஏன் √3, டேன் 45 ஏன் 1 என்று தனியாகக் கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது பதில் தெரியும். அட்டவணையில் 30, 45, 60 நிரைகள் மூன்றும் இந்த இரண்டு பாதிகளிலிருந்து எடுத்து எழுதியவை. அட்டவணை மறந்துபோனால் தேர்வுத் தாளின் ஓரத்தில் இரண்டு படம் போட்டு மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும், பெற்றோர்கள் அடிக்கடி கேட்பதால். போதையனார் பெயரில் ஒரு பாட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வர்க்கமூலமே இல்லாமல் கர்ணம் காணலாம் என்பார்கள். நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளிவிட்டு, மற்ற பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம். பக்கங்கள் 4, 3 என்றால் 3.5 + 1.5 = 5, சரி. 12, 5 என்றால் 10.5 + 2.5 = 13, அதுவும் சரி. கண்ணளவுக்கும் கையளவுக்கும் அருமையான வழி, வேலை செய்கிற மனிதர்களுக்கு உதவும் ஏற்பாடு. ஆனால் நம் முக்கோணங்களில் போட்டுப் பாருங்கள். 45 பாகையில் பக்கங்கள் 10, 10 என்றால் 8.75 + 5 = 13.75 வருகிறது, உண்மை 14.14. 30-60-ல் பக்கங்கள் 17.32, 10 என்றால் 20.16 வருகிறது, உண்மை 20. பிதாகரஸ் தேற்றத்தோடு ஒப்பிட்டு இருபடிச் சமன்பாடாக்கித் தீர்த்தால், இந்த வழி துல்லியமாகப் பொருந்துவது பக்கங்கள் 3 : 4 அல்லது 5 : 12 விகிதத்தில் இருக்கும்போது மட்டும்தான் என்று தெரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளையால் அந்தச் சமன்பாட்டைத் தீர்க்க முடியும், உங்கள் மகளுக்கு விருப்பமிருந்தால் கொடுத்துப் பாருங்கள். தேர்வுத் தாளில் மட்டும் இதை எழுதவேண்டாம்.

இன்னொரு சிறு விஷயம். √2-ஐ 1.414 என்றும் √3-ஐ 1.732 என்றும் முதல் வரியிலேயே மாற்றிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. கடைசி வரி வரைக்கும் √3-ஐ அப்படியே வைத்திருந்தால் பாதி நேரம் அது தானாகவே அடிபட்டுப் போய்விடும். இலங்கைப் பாடநூல் வைத்துப் படிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் கர்ணம் என்பதை உங்கள் புத்தகத்தில் செம்பக்கம் என்று பார்த்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றே.

இன்றிரவு மகளுக்கு மூன்று கணக்கு கொடுங்கள். 45-45-90-ல் கர்ணம் 20, பக்கம் என்ன? 30-60-90-ல் 60-க்கு எதிரே 15, மற்ற இரண்டும் என்ன? மூன்றாவது கொஞ்சம் யோசிக்க வைக்கும்: ஒரு முக்கோணத்தின் அடி மூலைகள் 45-ம் 60-ம். 60 மூலையிலிருந்து உச்சிக்குப் போகும் பக்கம் 10. மற்ற இரண்டு பக்கங்களும் என்ன?

முதல் விடை 10√2. இரண்டாவது 5√3, 10√3. மூன்றாவதில் செங்கோணமே இல்லை என்று அவள் உங்களிடம் வருவாள். உச்சியிலிருந்து ஒரு கோடு இறக்கச் சொல்லுங்கள், வேறெதுவும் சொல்லவேண்டாம். ஒரு பக்கம் 30-60-90, அதன் கர்ணம் 10, ஆகவே அடியில் 5, உயரம் 5√3. மறுபக்கம் 45-45-90, உயரம் 5√3 என்றால் அடியும் 5√3, சாய்வுப் பக்கம் 5√3-ஐ √2 ஆல் பெருக்க 5√6. மொத்த அடிப்பக்கம் 5 + 5√3, ஏறத்தாழ 13.66. சாய்வுப் பக்கம் 12.25. கொடுத்த 10 மிகச் சிறிய கோணமான 45-க்கு எதிரே, 12.25 என்பது 60-க்கு எதிரே, 13.66 என்பது 75-க்கு எதிரே.